பொள்ளிலூர் 1780: கும்பெனிச் சிப்பாய்களுக்கும் ஹைதர் படைக்கும் எப்படி வண்ணம் பூசுவது?

தூரிகைத்தம்பி:

வணக்கம் நண்பர்களே. மேசைமேல் போர் ஆட்டம் ஆடுவதற்கான குட்டிப் பொம்மைப் படைவீரர்களுக்கு வண்ணம் பூசுகிறவன் நான். இதுவரை வாட்டர்லூ காலத்துப் பிரெஞ்சுக் காலாட்படையைத்தான் 28 மில்லிமீட்டர் அளவில் பூசிவந்தேன். இப்போது பொள்ளிலூர் சண்டையை மேசைக்குக் கொண்டுவர இறங்கியிருக்கிறேன். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படையை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை, மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் வளைத்து முறியடித்தார்களே, அந்தச் சண்டை. ஜூலு போருக்கும் சூடான் போருக்கும் வண்ணம் பூசும் வழிகாட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன, கர்நாடகப் போர்கள், மைசூர்ப் போர்கள் என்று வந்தால் பேச ஆளில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

முதலில் சிவப்புக் கோட்டு. கறுப்பு பிரைமர் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) மேல் சிவப்பு அடித்தால் நாலு பூச்சு போட்டாலும் செத்த நிறமாகத்தான் நிற்கிறது, வெள்ளை பிரைமர் மேல் அடித்தால் மடிப்புக்குள் வெள்ளை தெரிகிறது. அடுத்தது தோல். கடையில் வாங்கிய ஒரே பழுப்பை எல்லாச் சிப்பாய்க்கும் பூசினால் முகமே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது, கண், மூக்கு, மீசை எதுவும் தனியாகத் தெரிவதில்லை. மூன்றாவது, மைசூர்க் காலாட்படைக்குப் புலிவரிச் சட்டை போட வேண்டுமா? நான் பார்த்த படங்களில் எல்லாம் புலிவரிதான். ஒரு பட்டாளம் முழுவதற்கும் அந்த வரியைக் கையால் இழுப்பதை நினைத்தாலே கை நடுங்குகிறது. கடைசியாக, பேஸுக்கு (பொம்மை நிற்கும் அடித்தட்டுக்கு) என்ன மண் நிறம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீரங்கிப்படலம்:

தம்பி, நல்ல சண்டையை எடுத்திருக்கிறீர்கள். வண்ணத்துக்குப் போவதற்கு முன்னால் ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

புலிவரி திப்புவின் அடையாளம். சிம்மாசனம், வாள்பிடி, பீரங்கி வாய், கொடி என்று எல்லாவற்றிலும் புலியைக் கொண்டுவந்தவர் அவர்தான், ஆனால் அவர் ஆட்சிக்கு வந்தது 1782 டிசம்பரில் ஹைதர் இறந்த பிறகு. நீங்கள் பார்த்த புலிவரிப் படங்கள் மூன்றாம், நான்காம் மைசூர்ப் போர்க் காலத்தவை, அதாவது 1790க்குப் பிந்தியவை. பொள்ளிலூரில் நிற்பது ஹைதரின் படை, திப்பு அங்கே இளவரசர், ஒரு பிரிவின் தளபதி. எனவே வரி இழுக்கும் கவலையை விடுங்கள். 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைக்கு என்றைக்காவது படை சேர்த்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஹைதரின் பலமே குதிரைப்படைதான். 1780 ஜூலையில் கணவாய் இறங்கி வந்த படையில் எண்பதாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள், அதில் குதிரைக்காரர்களின் கூட்டம்தான் கர்நாடகச் சமவெளியையே (அன்று அந்தப் பெயரில் இருந்த ஆற்காட்டுப் பக்கத்தை) சூறையாடியது. மேசையில் காலாட்படையை நிறைத்துவிட்டுக் குதிரையை ஓரமாக நாலு வைத்தால் அது ஹைதர் படையாகத் தெரியாது. அரசு லாயத்துக் குதிரைகளில் வருகிறவர்களுக்கு ஓரளவு ஒத்த நிறத்தில் அங்கி கொடுங்கள். சொந்தக் குதிரையோடு சம்பளத்துக்கு வரும் சில்லேதார்களுக்கு ஒருவர் மாதிரி இன்னொருவர் இருக்கவே கூடாது. குதிரையும் அப்படியே: செவலை, கறுப்பு, சாம்பல், வெள்ளை எல்லாம் கலந்து வரட்டும். இது பூசுவதற்கும் சுகம், கையில் மிச்சமிருக்கும் வண்ணத்தை எல்லாம் தலைப்பாகைகளில் தீர்த்துவிடலாம்.

கும்பெனிப் பக்கம் வந்தால் மதராஸ் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு, கருநீலத் தலைப்பாகை, இடுப்பில் கச்சை, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் வெள்ளைச் சல்லடம் (அரைக்கால் சட்டை). சல்லடத்தின் ஓரத்தில் நீலத்தில் பல் பல்லாக ஒரு கரை வரும், அதை விட்டுவிடாதீர்கள், அந்தக் காலத்துச் சிப்பாயை ஒரே பார்வையில் அடையாளம் காட்டுவது அதுதான். முழங்காலுக்குக் கீழே வெறுங்கால், செருப்பு இருந்தால் உண்டு. நீளக் காற்சட்டையும் உயரத் தொப்பியுமாக நிற்கும் பிற்காலச் சிப்பாய் உருவங்களை வாங்கி இந்தச் சண்டைக்கு நிறுத்தாதீர்கள். கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் பட்டாளத்துக்குப் பட்டாளம் நிறம் மாறும், ஒரு பட்டாளத்துக்கு மஞ்சள், இன்னொன்றுக்குப் பச்சை என்று கொடுத்தால் மேசையில் பிரித்துப் பார்க்கவும் வசதி.

பெய்லியோடு 73வது ஹைலேண்டர் ரெஜிமென்டின் சில கம்பெனிகளும் (ரெஜிமென்டுக்குள் இருக்கும் சிறு பிரிவுகள்) இருந்தன. 1786ல் 71வது என்று எண் மாறிய அதே ரெஜிமென்ட். அவர்களுடைய கோட்டில் கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் வெளிர் தோல் நிறம், அதாவது பதனிட்ட தோலின் வெளிர் மஞ்சள்பழுப்பு. 1768 அரச ஆணைப்படி அந்த நிறமுள்ள ரெஜிமென்டுக்குக் குறுக்குப் பட்டையும் அதே நிறத்தில்தான் வரவேண்டும், சுண்ணாம்பு வெள்ளை கூடாது. அந்தக் கம்பெனிகளில் ஒரு கேப்டன் உருவத்தைக் கொஞ்சம் அக்கறையோடு பூசி டேவிட் பெயர்ட் என்று பெயர் வையுங்கள். பொள்ளிலூரில் காயம்பட்டுப் பிடிபட்டு 1784 வரை மைசூர்ச் சிறையில் கிடந்தவர், 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் புகுந்த படையை நடத்தியவரும் அவர்தான்.

ஈரத்தட்டு:

வரலாற்றை அண்ணன் சொல்லிவிட்டார், நான் தூரிகைப் பக்கம் வருகிறேன்.

சிவப்பு என்பது தன் கீழே என்ன இருக்கிறதோ அதைக் காட்டிக்கொடுக்கும் நிறம். மஞ்சளும் அப்படித்தான். அதனால் கறுப்பும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். சாம்பல் பிரைமர் அடித்துவிட்டுக் கோட்டு வரும் இடத்தில் மட்டும் செம்பழுப்பை ஒரு பூச்சு கொடுங்கள். அது காய்ந்ததும் நடுத்தரச் சிவப்பை மடிப்பின் மேட்டுப் பகுதிகளில் மட்டும் இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுத்தால் போதும், பள்ளத்தில் செம்பழுப்பு தானாகவே நிழலாக நின்றுவிடும், தனியாக வாஷ் (பள்ளத்தில் தேங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம்) கூடத் தேவைப்படாது. மேல்வெளிச்சத்துக்குச் சிவப்பில் வெள்ளையைக் கலக்கவே கலக்காதீர்கள், கோட்டு ரோஜா நிறமாகிவிடும். ஒரு சொட்டு ஆரஞ்சு, இல்லாவிட்டால் வெளிர் தோல் நிறம் கலந்து தோள் முனை, முழங்கை மடிப்பு, கைமடிப்பின் விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் தொட்டு வையுங்கள்.

அதிகாரிகளின் கோட்டுக்கு உயர்தரச் சாயம், சிப்பாய் கோட்டுக்கு மலிவான மஞ்சிட்டிச் சாயம். அதனால் அதிகாரியின் கோட்டைப் பளிச்சென்ற கருஞ்சிவப்பாகவும் சிப்பாயுடையதைச் செங்கல் பக்கம் சாய்ந்த சிவப்பாகவும் பூசினால் வரிசைக்குள் அதிகாரி எங்கே என்று தேட வேண்டியதில்லை. வெயிலிலும் மழையிலும் பல மாதம் அடிபட்ட கோட்டு ஒரே மாதிரி இருக்காது, நாலைந்து பேருக்குச் சிவப்பில் கொஞ்சம் பழுப்பைக் கலந்து விடுங்கள்.

இப்போது தோல். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். கடையில் விற்கும் வண்ணப் பெட்டிகளில் ஐரோப்பியத் தோலுக்கு நிழல், நடு, வெளிச்சம் என்று ஏழெட்டுக் குப்பி இருக்கும், நம் தோலுக்கு ஒரே ஒரு குப்பி. வழிகாட்டிகளும் "பழுப்பு அடி, கறுப்பு வாஷ் விடு" என்று முடித்துவிடுகின்றன. மதராஸ் சிப்பாய் வரிசையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், ராஜபுத்திரர் என்று பலர் நின்றார்கள், அந்த வரிசை ஒரே நிறத்தில் இருக்க வாய்ப்பே இல்லை.

நான் செய்வது இது. ஈரத்தட்டில் (வண்ணம் காயாமல் வைத்திருக்கும் கலவைத் தட்டு) மூன்று குவியல் வைத்துக்கொள்வேன்: கரும்பழுப்பு, செம்பழுப்பு, காவிமஞ்சள். கரும்பழுப்பும் செம்பழுப்பும் சரிபாதி கலந்தது சிலருக்கு அடிநிறம், செம்பழுப்பு மட்டும் வேறு சிலருக்கு, செம்பழுப்போடு கொஞ்சம் காவி சேர்ந்தது இன்னும் சிலருக்கு. அப்புறம் நிழலுக்குக் கறுப்பு வாஷ் கூடாது, அது தோலைச் சாம்பல் பூத்ததாகக் காட்டும். செம்மை கலந்த பழுப்பு வாஷையோ ஊதா கலந்த பழுப்பு வாஷையோ தண்ணீர் விட்டு இறக்குங்கள். மேல்வெளிச்சம்தான் முகத்தைக் கொண்டுவரும்: மூக்குத் தண்டு, கன்ன மேடு, கீழுதடு, மோவாய், விரல் கணு, முழங்கால் சில்லு. இந்த இடங்களில் அடிநிறத்தோடு காவியும் துளி ஆரஞ்சும் கலந்து தொட வேண்டும். வெள்ளை கலந்தால் உடம்பில் சுண்ணாம்பு அப்பினது போலத் தெரியும். கருந்தோலில் வெளிச்சம் சின்ன இடத்தில் கூர்மையாக விழும், ஆகவே புள்ளியும் சின்னதாக, ஆனால் துணிந்து வெளுப்பாக இருக்க வேண்டும். உதட்டுக்கு அடிநிறத்தில் கொஞ்சம் கருஞ்சிவப்பு. மீசைக்குக் கறுப்பு, அதன் மேல்விளிம்பில் மயிரிழை மாதிரி கருநீலச் சாம்பல் ஒரு கோடு. கண்ணுக்கு வெள்ளை வைக்கிறவர்கள் வைக்கட்டும், நான் புருவத்துக்குக் கீழே ஒரு கறுப்புக் கோட்டோடு விட்டுவிடுவேன், மேசையில் அதுவே இயல்பாக இருக்கிறது.

மேசைத்தளபதி:

ஈரத்தட்டு சொன்னது எல்லாம் சரி, ஆனால் அது காட்சிப் பெட்டிக்கான வேலை. பெய்லியிடம் கிட்டத்தட்ட 3,800 பேர், எதிரே அதற்குப் பல மடங்கு. ஒரு உருவம் இருபது பேருக்குச் சமம் என்று வைத்தாலும் கும்பெனிக்கே சுமார் 190 வேண்டும். மைசூர்ப் பக்கத்தைக் கணக்குப் போடவே வேண்டாம். ஒவ்வொரு சிப்பாயின் மீசைக்கும் விளிம்புக்கோடு இழுத்தால் இந்தச் சண்டை மேசையையே பார்க்காது.

ஆடும்போது நம் கண் பொம்மைக்கு மூன்றடி தள்ளி இருக்கிறது. அங்கிருந்து தெரிவது நாலே நாலு: தலைப்பாகையின் நீலம், கோட்டின் சிவப்பு, சல்லடத்தின் வெள்ளை, காலின் கருமை. இந்த நாலுக்கும் நடுவில் தெளிவான பிரிவு இருந்தால் படை படையாகத் தெரியும். அதனால் என் முறை வேறு. கறுப்பு பிரைமர், அதன் மேல் மேலிருந்து கீழாக வெள்ளை ஸ்பிரே, பிறகு கான்ட்ராஸ்ட் வகை வண்ணம். ஒரே பூச்சில் பள்ளத்தில் தேங்கி மேட்டில் வெளுத்து நிழலும் வெளிச்சமும் சேர்ந்தே வந்துவிடும். ஐஸ் குச்சியில் ஆறு ஆறாக ஒட்டி வைத்து, முதல் குச்சியில் சிவப்பை ஆரம்பித்துக் கடைசிக் குச்சிக்குப் போய்ச் சேரும்போது முதல் குச்சி காய்ந்திருக்கும். தோலுக்கு மட்டும் இரண்டு மூன்று வேறு பழுப்புக் குப்பி வைத்துக்கொண்டு குச்சிக்குக் குச்சி மாற்றாமல் ஒரே குச்சிக்குள்ளேயே கலந்து பூசுங்கள், அவர் கேட்கும் வேறுபாடும் வந்துவிடும், நேரமும் மிச்சம்.

28 மில்லிமீட்டரில் இன்னும் நிறைய வாங்கவில்லை என்றால் 15க்கோ 10க்கோ இறங்கவும் யோசியுங்கள். பொள்ளிலூரின் உண்மையான அழகு சதுரமாக அணிவகுத்த பெய்லியின் சின்னப் படையைச் சுற்றிக் குதிரைக் கடல் நிற்பதுதான், அது பெரிய உருவத்தில் வரவே வராது.

ஈரத்தட்டு:

தளபதி, மூன்றடி தூரத்தில் பல் கரையும் முகமும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தனித்தனியாகத் தெரியாது, ஆனால் இல்லாவிட்டால் குறை தெரியும். கான்ட்ராஸ்ட் வண்ணத்துக்கு எதிரியும் அல்ல நான். சிவப்புக்கும் குதிரைக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெள்ளைச் சல்லடத்துக்கு மட்டும் வேண்டாம், பள்ளத்தில் திட்டுத்திட்டாக நின்று அழுக்குத் துணி மாதிரி ஆகிவிடும். வெளிர் சாம்பல் அடித்து மேட்டில் வெள்ளை தொடுவது அதைவிட வேகம்.

ஒரு சமரசம் சொல்கிறேன். முன்வரிசைக்கும் அதிகாரிகளுக்கும் கொடிக்காரருக்கும் முகத்தில் மூன்று புள்ளி வெளிச்சம் வையுங்கள். பின்வரிசைக்கு வாஷோடு விட்டுவிடுங்கள். கண் முன்வரிசையைப் பார்த்துவிட்டு மற்றதை அப்படியே நம்பிவிடும்.

மண்பூச்சு:

பேஸ் பற்றி யாரும் பேசவில்லையே. இந்தியா என்றாலே பாலைவன மஞ்சள் அடித்து, நாலு காய்ந்த புல் ஒட்டிவிடுகிறார்கள். சூடானுக்குச் சரி. பொள்ளிலூருக்கு அது ஒட்டாது. பெய்லி குண்டூர்ப் பக்கமிருந்து வரும் வழியில் கொற்றலை ஆற்றில் வெள்ளம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார், கும்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோவின் பெரிய படையோடு அவர் சேர முடியாமல் போனதற்கு அந்த வெள்ளம் முக்கியக் காரணம். ஆறு அப்படிப் பெருக்கெடுத்த பருவத்தில் தரை வெளிறிய புழுதியாக இருக்குமா? ஈரம் ஏறிய கரும்பழுப்பு மண், அதன் மேல் செம்பழுப்பு டிரை பிரஷ் (கிட்டத்தட்ட காய்ந்த தூரிகையால் மேட்டில் மட்டும் தேய்ப்பது), ஓரங்களில் மட்டும் மணல் நிறம். புல் பச்சையாகவே இருக்கட்டும், இளம்பச்சையும் முதிர்ந்த பச்சையும் கலந்து. அங்கங்கே பளபளப்பு வார்னிஷ் ஒரு துளி விட்டால் தேங்கிய தண்ணீர்.

நிலக்காட்சிக்குப் பனைமரம் கட்டாயம். கடையில் கிடைக்கும் தென்னை மாதிரியான பிளாஸ்டிக் மரத்தை அப்படியே வைக்காதீர்கள். பனை நேராக நிற்கும், ஓலை விசிறியாக விரியும். மூங்கில் குச்சியில் புட்டிக் களிம்பு பூசி அடிமரம், கனத்த காகிதத்தை விசிறியாக மடித்து வெட்டி ஓலை, அடியில் காய்ந்து தொங்கும் ஓலைக்குப் பழுப்பு. ஏரிக்கரை ஒன்றும் வையுங்கள், துப்பாக்கிக்காரர்கள் மறைந்து நிற்க ஆட்டத்திலும் உதவும்.

சண்டையின் திருப்பமே வெடிமருந்து வண்டிகள் வெடித்ததுதான், அதை மேசையில் காட்டாவிட்டால் எப்படி? கவிழ்ந்த வண்டிச் சக்கரத்தைச் சுற்றிப் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, அடியில் மஞ்சள், நடுவில் ஆரஞ்சு, மேலே கறுப்பு என்று ஸ்பிரே அடித்தால் அடையாளக் காயாக வைத்துக்கொள்ளலாம். ராக்கெட்டுக்கு மெல்லிய கம்பி, நுனியில் சின்ன பிளாஸ்டிக் குழாய். மைசூர் ராக்கெட்டின் சிறப்பே இரும்புக் குழாய்தான், அதனால்தான் அவ்வளவு தூரம் போனது, ஆகவே குழாயை மூங்கில் நிறத்தில் பூசிவிடாதீர்கள். குழாய் கருத்த இரும்பு, வால்கழி மட்டும் மூங்கில்.

தூரிகைத்தம்பி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. 28லேயே தொடர்கிறேன், உருவங்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, சதுரத்தின் ஒரு முனையை மட்டும் ஆட்டமாக அமைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. சமரச முறை பிடித்திருக்கிறது.

இரண்டு சின்னக் கேள்வி மிச்சம். என் சிப்பாய்களில் பாதிப் பேர் தலையில் பிற்காலத் தொப்பி இருக்கிறது, தலைப்பாகையாக மாற்ற முடியுமா? கொடிக்கு என்ன செய்வது? ஸ்ரீரங்கப்பட்டண தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தச் சண்டை ஓவியமாகவே இருக்கிறதே, அதிலிருந்து உடை, கொடி எல்லாம் எடுத்துக்கொள்ளலாமா?

பீரங்கிப்படலம்:

ஓவியத்தை நம்பிச் சட்டை நிறம் எடுக்காதீர்கள். திப்பு காலத்தில் வரைந்தது, பிறகு சேதமாகி ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி அங்கே இருந்தபோது ஒருமுறையும் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் ஒருமுறையும் திரும்பத் தீட்டியது. ஆனால் காட்சி அமைப்புக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. சிவப்புக் கோட்டுக்காரர்கள் சதுரமாக நெருங்கி நிற்பது, நடுவில் பல்லக்கில் பெய்லி, மேலே வெடித்துச் சிதறும் வண்டி, சுற்றிலும் அலை அலையாகக் குதிரை. அந்தப் பல்லக்கை ஒரு தனி பேஸில் செய்து வையுங்கள், கும்பெனித் தளபதிக் காயாக அது போதும்.

கொடியில் ஒரே ஒரு விஷயம் கவனம். இணையத்தில் இறக்கி அச்சடிக்கும் யூனியன் கொடிகளில் பெரும்பாலும் இப்போதைய வடிவம்தான் இருக்கும். அயர்லாந்துக்கான சிவப்புக் குறுக்குச் சேர்ந்தது 1801ல். உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தியது: நீலத்தில் வெள்ளைப் பெருக்கல் குறி, அதன் மேல் வெள்ளை விளிம்போடு சிவப்புக் கூட்டல் குறி, அவ்வளவுதான். கும்பெனியின் சிவப்பு வெள்ளைக் கோட்டுக் கொடி வைத்தாலும் மூலையில் இந்தப் பழைய வடிவமே வரவேண்டும்.

ஈரத்தட்டு:

தலைப்பாகை மாற்றுவது சுலபம். தொப்பியைப் புருவத்துக்கு மேலே நேராக அறுத்து எடுத்துவிட்டு, கிரீன் ஸ்டஃப் புட்டியை (இரண்டு பாகம் கலந்து பிசைந்தால் மெல்ல இறுகும் களிம்பு) பட்டாணி அளவுக்கு உருட்டி வைத்து அமுக்குங்கள். அது பாதி இறுகியதும் மெல்லிய திரிகளாக இன்னும் கொஞ்சம் புட்டியை உருட்டி, நெற்றியில் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகப் போகும்படி சுற்றுங்கள். விரலையும் கருவியையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் புட்டி ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மடிப்புக் கோடுகளைக் கத்தியின் முதுகால் அழுத்திவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். எல்லாத் தலைப்பாகையும் ஒரே உயரத்தில் வர வேண்டும், படைவீரர்களுக்கு அது சீருடை.

கொடியைக் காகிதத்தில் அச்சடித்து, உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பசை தடவிக் கம்பத்தைச் சுற்றி மடித்து ஒட்டுங்கள். பசை ஈரமாக இருக்கும்போதே ஒரு பென்சிலில் சாய்வாகச் சுற்றி வளைத்தால் காற்றில் பறக்கும் அலை வரும். வெட்டிய ஓரங்களில் காகிதத்தின் வெள்ளை தெரியும், அதை அந்தந்த நிறத்தால் மூடிவிடுங்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து முதலில் பளபளப்பு வார்னிஷ், அது நன்றாகக் காய்ந்த பிறகு மேட் வார்னிஷ். ஆட்டத்தில் கைபட்டுத் துப்பாக்கி முனையில்தான் முதலில் வண்ணம் உதிரும், அங்கே மட்டும் இரண்டு பூச்சு கொடுங்கள்.